இடது பக்க இருக்கை

மைசூர், அக்ரஹாரம்
4 ஏப்ரல் 2025

அன்புள்ள சென்னப்பன் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் சற்று நீளமாக இருக்கும். நீங்கள் நடுவில் நிறுத்திவிடக்கூடாது என்பதற்காக, எழுதப்போவதை முன்னதாகவே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. ஊர் திரும்பிப் பதினோரு நாளாகியும் நான் ஏன் எழுதவில்லை என்பது.
2. மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, நாம் கடலோரம் சுற்றிவந்த விவரம், எனக்கு நினைவிருக்கிறபடி.
3. அன்று மாலை பைலுகேரிக்கு முன்னால் உள்ள வளைவில் நடந்தது.
4. அதன் பிறகு நான் உங்களுக்கு ‘ஆல் ரைட்’ காட்டியதன் காரணம்.
5. இனி என்ன செய்யலாம் என்பது.

முதலாவது. எழுத உட்கார்ந்து நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன். போனில் சொல்ல வழியில்லை. உங்களுக்குக் கேட்காது, உங்கள் மகள் பிரதிபாதான் போனை எடுத்து, நான் சொல்வதை உங்கள் காதருகே கத்துவாள். இது அவளுக்குத் தெரியவேண்டாம் என்று நினைக்கிறேன். ஆகவே தபால்.

இரண்டாவது. பிரதிபா உங்களிடம் கார் சாவியைக் கொடுத்ததே நான் உடுப்பிக்கு வந்ததால்தான். வாசலில் அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “அங்கிள், அப்பாக்கு ஹார்ன் அடிச்சாலும் கேக்கறதில்ல. நீங்க பக்கத்துல உக்காந்தா மட்டும்தான் சாவி. இன்னிக்கு அவருக்கு நீங்கதான் கிவி.” கிவி என்றபோது என் காதைத் தொட்டே காட்டினாள். நீங்கள் அவள் வாயசைவைப் பார்த்துவிட்டு, “இருபது வருஷம் எனக்குப் பின்னால நாப்பது வேகன் தள்ளி உக்காந்து கொடி காட்டின ஆளு. இன்னிக்கு எனக்குப் பக்கத்துலயே சீட்டு. பிரமோஷன்டா ராமச்சந்திரா!” என்றீர்கள்.

நான் சிரித்தேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது. சரக்கு ரயிலில் டிரைவர் நீங்கள் இன்ஜினில் இருப்பீர்கள், கார்டு நான் கடைசிப் பெட்டியில் இருப்பேன். வழியில் ஏதாவது தட்டுப்பட்டால் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். எல்லாம் சரியென்றால் நான் பச்சைக் கொடி காட்டுவேன்; அதுதான் ‘ஆல் ரைட்’. காட்டாவிட்டால் நீங்கள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். காரில் கொடிக்குப் பதில் என் கை என்று மல்பே போய்ச் சேர்வதற்குள் முடிவு செய்துகொண்டோம்.

அருமையான நாள் அது. வெயில் இருந்தது, கடுமை இல்லை. வழியெல்லாம் முந்திரி பூத்து, பிஞ்சும் பிடித்திருந்தது. பழைய பழக்கத்தில், ஒவ்வொரு இடத்துக்கும் போய்ச் சேர்ந்த நேரத்தைச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். மல்பே 10.05. துறைமுகம் 11.20. சாப்பாட்டுக்கடை 1.10. காப்பு கலங்கரை விளக்கம் 4.40. அங்கே படிகளை நான் எண்ணிக்கொண்டு ஏறியதற்கும் நீங்கள் சிரித்தீர்கள்.

இரண்டு விஷயங்களைத் தனியே சொல்ல வேண்டும். ஒன்று: காலையில் நான் ஐந்து தடவை உங்கள் தோளைத் தொட்டு எச்சரித்தேன். எருமை, கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள், குடை பிடித்த ஒரு அம்மாள், இன்னொரு எருமை, பிறகு வெறும் நிழல். ஐந்தையும் நீங்கள் முன்பே பார்த்திருந்தீர்கள். “யோவ் கார்டு, நீ காட்டற ஆபத்துக்கெல்லாம் நின்னா காப்பு போறதுக்கு நாலு நாளாகும். இனி நெசமா ஒண்ணு வந்தா மட்டும் தொடு, போ” என்றீர்கள். மற்றொன்று: மதியம் உங்கள் தட்டில் இடது ஓரத்தில் இருந்த மீன் துண்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தீர்கள். கேட்டதற்கு, “இடது கண்ணுல கொஞ்சம் மேகமாட்ட இருக்குது. வைகாசில ஆபரேஷன். பிரதிபாகிட்ட உளறிப்போடாதே” என்றீர்கள். அதற்குப் பிறகும் நான் ஏறி உட்கார்ந்தேன்.

மூன்றாவது. மாலை 6.26. உங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கடல் இடது பக்கம். சூரியன் தண்ணீருக்குச் சற்று மேலே, நேராகக் கண்ணில் அடித்தது. பைலுகேரிக்கு முன்னால் கருவாடு காயவைக்கும் களங்கள் வருமே, அந்த வளைவு. முதலில் ஒரு சத்தம் வந்தது. நனைந்த சாக்கு விழுந்ததுபோல. வண்டியின் இடது முன்பக்கம் லேசாக அதிர்ந்தது. சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். பின்னால் புழுதிதான் தெரிந்தது. அது என்னவென்று நான் பார்க்கவில்லை.

நான்காவது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் கையை உயர்த்தினேன். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, பாதை குறுகல், உங்களைப் பதற வைத்தால் இன்னும் பெரிய விபரீதமாகும் என்று நினைத்தேன். உங்கள் நன்மைக்காகத்தான். நீங்கள் தலையசைத்துவிட்டு வண்டியை விட்டீர்கள். எனக்கு ஏழே முக்கால் பஸ்ஸும் கிடைத்தது.

ஐந்தாவது. வண்டியின் இடது முன்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். என் காதும் எழுபத்து நான்கு வயதுக் காதுதான்.

தங்கள்
இராமச்சந்திரன்

*

உடுப்பி
11 ஏப்ரல் 2025

யோவ் கார்டு,

உன் கடிதம் வந்தது. ஐந்து நம்பர் போட்டு எழுதியிருக்கிறாய். ரிடையராகிப் பதினான்கு வருஷம் ஆகியும் நீ இன்னும் யாருக்கோ ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கிறாய்.

இடது பக்க ஹெட்லைட் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிவு. நீ ஊருக்குப் போன மறுநாளே பிரதிபா பார்த்துவிட்டாள். “அப்பா, கேட்ல இடிச்சீங்களா? நிஜ ஹேளி, உண்மையைச் சொல்லுங்க” என்றாள். நானும் கேட்டில்தான் இடித்திருப்பேன் என்று நினைத்து, ஆமாம் என்று தலையாட்டினேன். உன் கடிதம் வரும்வரை அது பொய் என்று எனக்கே தெரியாது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். எனக்குக் காது போனதே தவிர, கை போகவில்லை. அந்த வளைவில் ஸ்டீரிங் ஒரு தடவை நடுங்கியது. முப்பத்தொரு வருஷம் இன்ஜின் ஓட்டியவனுக்கு, கல் மேல் ஏறினால் ஒரு நடுக்கம், மாடு பட்டால் ஒரு நடுக்கம் என்று தெரியும். மற்றதும் தெரியும். என் சர்வீஸில் நான்கு பேர் என் வண்டிக்கு முன்னால் வந்து விழுந்தார்கள். நான்கு பேரின் தேதியும் சொல்வேன். அதனால்தான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கை காட்டினாய். கார்டு ஆல் ரைட் கொடுத்தால் டிரைவர் போக வேண்டும். போனேன். மனதிலிருந்து அதைத் துடைத்தும் விட்டேன். அப்படித்தானே நாம் இருபது வருஷம் வேலை பார்த்தோம்?

கருவாட்டு மூட்டையாக இருக்கலாம். நாயாக இருக்கலாம். அந்தப் பக்கம் மாடுகள் பாதையிலேயே படுத்துக் கிடக்கும். நீ பஸ் வந்தது, பாதை குறுகல் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். என் நன்மை என்கிறாய். எனக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு அஞ்சலட்டையில் ஒரே வார்த்தை எழுதிப்போடு.

ஆளா, மாடா?

சென்னப்பன்

*

மைசூர்
17 ஏப்ரல் 2025

அன்புள்ள சென்னப்பன் அவர்களுக்கு,

ஒரே வார்த்தையில் எழுதச் சொன்னீர்கள். எனக்கு அது முடியவில்லை. ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அது உண்மை என்று நான் சத்தியம் செய்வதுபோல் ஆகிவிடும். நான் பார்க்கவில்லை என்பதை முன்பே எழுதியிருக்கிறேன்.

ஆனால் யோசித்துப் பார்த்ததில், மாடாக இருப்பதற்கே அதிக வாய்ப்பு. சத்தம் தாழ்வாக இருந்தது. அலறல் எதுவும் கேட்கவில்லை. மனிதர் என்றால் அலறியிருப்பார்கள் அல்லவா? கன்றுக்குட்டி என்றால் அடிபட்டதும் எழுந்து ஓடியிருக்கும். அதனால்தான் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. விரிசல் விட்ட கண்ணாடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதினால் இன்னும் தெளிவாகச் சொல்ல முயல்கிறேன்.

இங்கே நான் சரியாகத் தூங்குவதில்லை. கனகலக்ஷ்மி கவனித்துவிட்டாள். நேற்று மத்தியானம் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, “உடுப்பிக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து ஏன் இப்படி இடது பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? அங்க செவுருதானே இருக்கு?” என்றாள். கழுத்து வலி என்றேன். தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, “அந்த சென்னப்பன் உங்களை என்ன பண்ணினான்?” என்று கேட்டாள். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடத்தில் அவளிடம் நான் சொன்ன பொய்கள் குறைவு. இப்போது ஒரு மாதத்தில் அந்தக் கணக்கை மிஞ்சிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து அந்த வளைவுக்குப் போகாதீர்கள். காது கேட்காமல், இடது கண்ணும் தெரியாமல் அங்கே போய் நீங்கள் எதைக் கண்டுபிடிக்க முடியும்? போனால் யாராவது உங்களைப் பார்ப்பார்கள். பார்த்தால் ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள். ஆபரேஷன் முடியட்டும். பிறகு நிதானமாக யோசிப்போம். எதையும் வைகாசி வரை தள்ளிப்போடுவதில் நஷ்டமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதெல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்பதில்லை.

தங்கள்
இராமச்சந்திரன்

*

உடுப்பி
26 ஏப்ரல் 2025

ராமச்சந்திரா,

போகாதே என்று நீ எழுதினாய். அதைப் படித்த பிறகுதான் போனேன். மாடு செத்த இடத்துக்குப் போகாதே என்று யாரும் யாரையும் கெஞ்ச மாட்டார்கள்.

பஸ்ஸில் போய் பைலுகேரியில் இறங்கி நடந்தேன். வளைவில் கருவாட்டுக் களம் இருக்கிறது. அதை ஒட்டித் தகரக் கொட்டகை நான்கு. முதல் கொட்டகை வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்து வலை நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். கன்னடத்தில் ஏதோ கேட்டான். காது கேட்காது என்று கையைக் காட்டினேன். பக்கத்தில் வந்து கத்தினான். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, நீங்க தமிழாளுங்களா? எந்தூருங்க?” என்றான்.

மார்டள்ளி என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவனும் அதே பக்கம்தான், ஹனூர். பேர் தொட்டையன். புருஷனும் பெண்டாட்டியுமாக இந்தக் களத்தில் ஏழு வருஷமாகக் கூலி வேலை. நம் பக்கத்து ஆள் என்று உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தான். “டீ போடறது அவ வேலைங்க. எனக்குச் சரியா வராது, பொறுத்துக்கங்க” என்றான்.

அவ எங்கே என்று நான் கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

சாமியாத்தாள் என்று பேர். உகாதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பொழுது இறங்குகிற நேரத்தில் பாதையோரம் வண்டி அடித்துப்போட்டது. பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். இடுப்பெலும்பு போய்விட்டது. தலையிலும் அடி. கண்ணைத் திறக்கிறாள், ஆளைத் தெரியவில்லை.

யார் அடித்தது என்று கேட்டேன். அவன் என் காதில் வாயை வைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மீனுக்கு ஐஸ் ஏத்தற வண்டி டிரைவர் சந்தோஷ்குமாருன்னு ஒரு பையனைப் புடிச்சு வெச்சிருக்காங்க. அவந்தான் அவளை அள்ளித் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனான். கீழ கெடந்தா, தூக்கினேன்னு அழுவறானாம். போலீசு நம்ப மாட்டேங்குது. வண்டி பூரா அவ ரத்தம். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க. இடிச்சுப்போட்டுப் போறவன் எதுக்குங்க நின்னு தூக்கறான்?”

என்னிடம் கேட்கிறான். டீ டம்ளர் என் கையில். நான் அவன் தோளைத் தட்டினேன். எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ் ஏற்றிவிட அவனும் வந்தான். “மறுக்கா வாங்க, நம்மூர் ஆளைப் பாத்தது தெம்பா இருந்துச்சு” என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

இப்போது நன்றாகக் கேட்டுக்கொள். நாம் அடித்தது ஒரு மாடு என்றால், அவளை அந்தப் பையன்தான் அடித்திருக்கிறான். அவன் உள்ளே இருக்க வேண்டியவன்தான். நாம் அடித்தது அவளை என்றால், அவன் இரக்கப்பட்டு நின்ற குற்றத்துக்காக உள்ளே இருக்கிறான். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கையில் ஒரு நடுக்கம் மட்டும்தான். அந்த வண்டியில் முழுசாகக் கண்ணும் காதும் இருந்தது உனக்குத்தான்.

இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன். நீ பார்த்தாயா?

சென்னப்பன்

*

மைசூர்
3 மே 2025

அன்புள்ள சென்னப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பூஜை அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் பிழைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

பதற்றப்படாமல் சில விஷயங்களைப் பார்க்கவேண்டும்.

1. நாம் அந்த வளைவைக் கடந்தது 6.26. ஐஸ் வண்டி எத்தனை மணிக்கு அங்கே வந்தது என்று நமக்குத் தெரியாது. நமக்கு முன்பே வந்திருந்தால் அவனேதான் இடித்திருக்க வேண்டும்.

2. அந்தப் பாதையில் அன்று நாம் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை. கடற்கரைக்கு வந்த வண்டிகள் எத்தனையோ.

3. நீங்கள் போய்ச் சொல்வதால் உங்கள் மகளுக்கு என்ன ஆகும்? கார் பிரதிபாவின் பேரில் இருக்கிறது.

இங்கே மைசூர் ஹெப்பாளில் இருக்கும் என் தங்கை மகன் வினய் வக்கீல். யாரோ ஒரு நண்பருக்கு நடந்ததுபோல் அவனிடம் சொன்னேன். அவன் மொபைலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கடைசியில், “மாமா, டிரைவருக்குக் கண்ணு தெரியல, காது கேக்கல. அவர் என்ன சொன்னாலும் நிக்காது. பக்கத்துல ஒருத்தர் இருந்தார்ன்னீங்களே, அவர்தான் கேஸே. அவர் வாயைத் தொறந்தா ஐஸ் வண்டிக்காரன் வெளிய வருவான், இல்லேன்னா இல்ல. அஷ்டே, அவ்ளோதான்” என்றான். பிறகு மொபைலைக் கீழே வைத்துவிட்டு, “யார் மாமா அந்த ஃபிரெண்டு?” என்று கேட்டான். உனக்குத் தெரியாதவர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் வாசல்வரை வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் பழையதுதான். முதலில் சத்தம் வந்தது, பிறகு திரும்பினேன், புழுதி. இதற்குமேல் நான் எதையாவது சொன்னால், அது நான் பார்த்ததா அல்லது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என் மனம் கட்டிக்கொண்டதா என்று எனக்கே நிச்சயம் இருக்காது. நிச்சயமில்லாத ஒன்றைப் போலீஸில் சொல்வது பாவம் இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள்.

தங்கள்
இராமச்சந்திரன்

*

உடுப்பி
13 மே 2025

ராமச்சந்திரா,

சாமியாத்தாள் போன புதன்கிழமை செத்துப்போனாள். தொட்டையன் யார் போனிலிருந்தோ பிரதிபாவுக்குச் சொல்லியிருக்கிறான். போனமுறை அவன் கேட்டதற்கு நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். நம்மூர் ஆளாயிற்றே, சொல்லாமல் இருக்கக்கூடாது என்று சொன்னான். யார் இந்த சாமியாத்தாள் என்று பிரதிபா கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, “வாங்கப்பா” என்று காரில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள்.

இன்ஸ்பெக்டர் சின்ன வயசு. மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். அவர் கேட்டதை பிரதிபா தாளில் எழுதிக் காட்ட, நான் வாயால் பதில் சொன்னேன். எதை இடித்தீர்கள்? தெரியாது. ஆணா, பெண்ணா? தெரியாது. என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள்? தெரியாது. அப்புறம் உங்களுக்கு என்னதான் தெரியும்? ஸ்டீரிங் நடுங்கியது. ரைட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். ஹெட்லைட்டைப் பார்க்கலாம் என்றார்கள். அதைப் போன மாதமே பிரதிபா மாற்றிவிட்டாள். பம்பரும் நேராகிவிட்டது.

காரில் வேறு யார் இருந்தது என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். பிரதிபா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த கேள்வியை எழுத ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்து எழுப்பினார். “மனெகே ஹோகி, தாத்தா” என்றார். வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுங்கள், வயசானால் இப்படியெல்லாம் தோன்றும் என்று பிரதிபாவிடம் சொன்னாராம். வாசலில் அந்தப் பையன் சந்தோஷ்குமாரின் அம்மா உட்கார்ந்திருந்தாள். இப்போது அது சாவுக் கேஸ். அவள் என்னையும் ஏதோ புகார் கொடுக்க வந்த பெரியவர் என்று நினைத்து, ஒதுங்கி வழிவிட்டாள்.

மூன்றாவது தடவையாக உன்னைக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ பதில் எழுதுவாய். அதுவும் நம்பர் போட்டு வரும்.

உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது நட்புக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. நானாக இழுத்து வந்து நிறுத்தும் கார்டால் அங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை.

சென்னப்பன்

*

மைசூர்
18 மே 2025

சென்னப்பன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் எண்கள் இல்லை.

முந்தாநாள் கனகலக்ஷ்மியிடம் சொன்னேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடித்ததும், “எட்டு வாரமா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்களே. எப்படி எறங்கித்து உங்களுக்கு?” என்றாள். அன்று சாயங்காலமே வினய்யை வரச் சொன்னாள். அவன் வந்து, நான் சொல்லச் சொல்ல எழுதினான். அந்த நண்பர் யாரென்று இந்தமுறை கேட்கவில்லை. எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு பிரதி இன்ஸ்பெக்டருக்கு நேற்றே பதிவுத் தபாலில் போய்விட்டது. நானே அனுப்பச் சொன்னேன். இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் எனக்கு மறுபடி சந்தேகம் வரும், வந்தால் கிழித்துவிடுவேன். அதற்கு இடம் வைக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை இரவு பஸ்ஸில் கிளம்புகிறேன். வினய்யும் வருகிறான். வெள்ளிக்கிழமை காலை நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறோம். நீங்களும் பிரதிபாவும் அங்கே வந்தால் போதும். வீட்டுக்கு வந்து உங்கள் மகள் கையால் காப்பி வாங்கிக் குடிக்கும் தகுதி எனக்கு இல்லை. என்னை நம்பித்தான் அவள் சாவி கொடுத்தாள்.

நோட்டையும் கொண்டுவருகிறேன். 6.26க்கு நேராக, வண்டி ஓடும்போதே, ‘ஆ.ரை.’ என்று என் கையெழுத்தில் குறிப்பு இருக்கிறது. எழுத்து நடுங்காமல் இருக்கிறது. அதை வினய் இரண்டு தடவை பார்த்தான்.

இதனால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. உங்களைச் சிறைக்கு அனுப்பலாம். எனக்கும் ஏதாவது ஆகலாம் என்று வினய் சொல்கிறான். நான் வாயைத் திறந்ததால் அந்தப் பையன் வெளியே வருவான். நீங்கள் உள்ளே போவீர்கள். நான் சரியான நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் ஒருவரும் உள்ளே போயிருக்க வேண்டாம். தொட்டையனிடம் யார் சொல்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். நான்தான் போகவேண்டும் என்றால் போகிறேன்.

அவள் நீல பிளாஸ்டிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டி, பாதையின் இடது ஓரத்தில் நடந்துகொண்டிருந்தாள். பச்சைச் சேலை. வளைவு திரும்பியதுமே எனக்குத் தெரிந்தாள். நம் வண்டி ஓரமாக ஒதுங்கிக்கொண்டே போனது. உங்கள் தோளைத் தொட என் கை பாதிவரை வந்தது. காலையில் ஐந்து தடவை தொட்டிருந்தேன்; ஐந்தும் வீண். இவளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், மறுபடி சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். மூன்று வினாடியாவது இருந்திருக்கும். கடைசியில் அவளே திரும்பிப் பார்த்தாள், உங்களை அல்ல, இடது பக்கம் உட்கார்ந்திருந்த என்னை.

ஏப்ரல் 4ஆம் தேதிக் கடிதத்தின் மூன்றாவது குறிப்பில், முதலில் சத்தம் வந்தது, பிறகு திரும்பினேன் என்று எழுதியிருந்தேன். அது தவறு. சத்தம் முதலில் வரவில்லை.

இராமச்சந்திரன்